இரு வழிக்கும் ஒரு வண்டி

மலைநாட்டில் வழிகள் இருவகைப்படும். ஒன்று தார் வீதி. அது ஒரு பட்டினத்திலிருந்து மறு பட்டினத்துக்குச் செல்வது. மற்றொன்று தோட்டத்துக் கல்வழி; அது தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறி, லயன்களின் வாசலிலே முடிவது. முதலாவதில் விரைந்து ஓடும் கார் இரண்டாவதில் ஏறாது. இரண்டாவதில் ஏறவல்ல உழவு யந்திரமோ முதலாவதில் பிறருக்கு இடையூறாய் ஊர்ந்து செல்லும். இவ்விரு வழிக்கும் பொருந்திய ஒரு வண்டியை, ஏறக்குறைய அறுபதாண்டு பழமையுடைய இரும்பிலிருந்து மீண்டும் உருவாக்கிய வரலாற்றையும், அதன் பொருட்டு நாம் சென்று கண்ட இடங்களையும் வாசகர்களுக்கு இன்று சொல்ல விழைகின்றோம்.

கொட்டகையில் கிடந்த வண்டி

கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேலே, ஒடுங்கிய மலைமுகடு ஒன்றின் மீது அமைந்த ஊர் அப்புத்தளை. கடைவீதியில் நின்று தெற்கே நோக்கினால், நிலம் திடீரென விழுந்து, தாழ்நாடு நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். வடக்கே திரும்பினால் ஊவாவின் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். பிற்பகலில் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து, புகையிரதப் பாதையையும் கடைகளையும் ஒருங்கே மறைத்துவிடும்.

இவ்வூருக்கு அணித்தேயுள்ள தோட்டமொன்றின் எல்லையில் எம் நண்பர் ஒருவர் வசிக்கின்றார். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறியவர். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைக் காணச் சென்ற நாம், வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒரு லாண்ட் றோவர் வண்டி கிடப்பதைக் கண்டோம். ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சில்லுகள் நான்கும் மண்ணில் புதைந்திருந்தன.

நண்பரின் தந்தையார் தோட்டத்துச் சாரதி. துரைமாருக்காக அவ்வண்டியைப் பல்லாண்டு ஓட்டியவர். 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அக்காலத்தில், பழுதென்று ஒதுக்கப்பட்ட இவ்வண்டி ஏலத்துக்கு வந்தது. பிறருக்காக ஓட்டிய வண்டியை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அவர் தமதாக்கிக் கொண்டார். லயத்திலே பிறந்த ஒருவர் மோட்டார் வண்டிக்கு உரிமையாளராவது அந்நாளில் சிறிய காரியமன்று.

அவ்வண்டியோடு துயரமான நினைவொன்றும் கலந்திருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. பின்வந்த ஆண்டுகளில் குடும்பங் குடும்பமாக மக்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். அவர்கள் ஏறிச் சென்ற புகையிரதத்துக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. “எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களின் தகரப் பெட்டிகளை ஸ்டேசனுக்கு இறக்கியது இந்த வண்டிதான். ஒவ்வொரு முறையும் அப்பா வெறும் வண்டியோடு திரும்பி வருவார். அன்று இராச் சாப்பாடு சாப்பிடமாட்டார்” என்று நண்பர் கூறினார்.

2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் நாட்டில் பழைய வண்டிகளின் விலை மிக உயர்ந்தது. கொழும்பிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து, கிடந்த கோலத்திலேயே இவ்வண்டிக்கு நல்ல விலை கூறிச் சென்றிருந்தார். மெருகூட்டிக் காட்சிக்கு வைப்பதற்கு அதை விரும்பும் செல்வர்கள் பலர் உளராம். நண்பரோ தயங்கினார். தோட்டத்தின் மேல் டிவிசனிலே ஏறக்குறைய அறுபது குடும்பங்கள் வாழ்கின்றன. அவ்விடத்துக்குச் செல்லும் நான்கு கிலோமீட்டர்க் கல்வழியில் மழைக்காலத்தில் முச்சக்கர வண்டி பாதிவழிக்கு மேல் ஏறுவதில்லை. நோயாளரைக் கம்பளியில் கிடத்தி, இரு கம்புகளில் கட்டித் தோளில் சுமந்தே இறக்க வேண்டியிருந்தது. “விற்றால் எனக்குப் பணம் வரும். ஓடச் செய்தால் அவர்களுக்கு வழி வரும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று அவர் எம்மைக் கேட்டார். முதலில் அதனைச் சோதித்துப் பார்ப்போம் என்றோம்.

வண்டி பிறந்த கதை

இவ்வகை வண்டி தோன்றிய வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினரின் ஜீப் வண்டி உலகெங்கும் பெயர் பெற்றது. யுத்தத்தின் பின், இங்கிலாந்தின் றோவர் கம்பனியைச் சேர்ந்த பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை உபயோகித்து வந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்னும் கேள்வியிலிருந்து, 1947 ஆம் ஆண்டில் புதிய வண்டியொன்றின் மாதிரி உருவாயிற்று. 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் றோவர் முதன்முதலாக உலகின் முன் வைக்கப்பட்டது.

யுத்தத்தை அடுத்த அந்நாட்களில் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு, அலுமினியமோ கிடைத்தது. ஆதலால் வண்டியின் மேனியை அலுமினியக் கலப்புத் தகட்டாலும், அதனைத் தாங்கும் சட்டத்தை உருக்காலும் செய்தனர். தட்டுப்பாட்டில் பிறந்த இவ்வேற்பாடு வண்டியின் நீண்ட ஆயுளுக்கும் காரணமாயிற்று. மேனியில் கறள் பிடிப்பதில்லை. ஆனால் வெளியே நலமாகத் தோன்றும் வண்டியின் உள்ளே, சட்டம் கறளால் அரித்துப் போயிருக்கவும் கூடும்.

நண்பருடையது 1961 ஆம் ஆண்டு முதல் 1971 வரை செய்யப்பட்ட இரண்டாம் வரிசையின் ‘ஏ’ வகை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம். 2,286 கன சென்ரிமீட்டர் பெற்றோல் எஞ்சின்.

சுத்தியலின் சாட்சி

வண்டியை லொறியில் ஏற்றி, பண்டாரவளையிலுள்ள சிறியதொரு கராஜுக்குக் கொண்டு சென்றோம். அதன் பாஸ் சிங்களவர். தோட்டத்து வண்டிகளோடு நாற்பதாண்டு பழகியவராதலால் தமிழும் சரளமாகப் பேசுவார். அவர் எஞ்சினை ஏறெடுத்தும் பாரவில்லை. சிறு சுத்தியல் ஒன்றுடன் வண்டியின் கீழே படுத்து, சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். அரித்த உருக்கு பழைய தகரம்போல் மந்தமாக ஒலிக்கும். இச்சட்டம் நான்கு தகடுகளைப் பெட்டிபோல் இணைத்துச் செய்தது. பெட்டியின் உள்ளே சேறும் நீரும் தங்குவதால், கறள் உள்ளிருந்தே வெளியே வருகின்றது. பின்பக்கக் குறுக்குச் சட்டம் சுத்தியலின் மூன்றாவது அடிக்கு இடங்கொடுத்தது.

அரித்த பகுதியின் மேலே புதுத் தகட்டை ஒட்டுவது கராஜ்கள் சிலவற்றின் வழக்கம். அது புண்ணை மூடுவதேயன்றி ஆற்றுவதன்று. பாஸ் நல்ல உருக்கு தென்படுமளவும் வெட்டியெடுத்து, அதன்பின்பே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தார். நீர் வடிந்து போகும் துளைகளைத் திறந்து, உள்ளே மெழுகு கலந்த எண்ணெயை ஊற்றினார். அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாய் உதிர்ந்துவிடும். ஆதலால் இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் இடையே இறப்பர்த் துண்டுகளை வைத்தார். இரசாயன பாடத்தில் மாணவர்கள் மின்கலத்தைப் பற்றிப் படிப்பது இதையேயன்றோ?

பஞ்சிகாவத்தையில் ஒரு நாள்

உதிரிப் பாகங்களைத் தேடி நாம் கொழும்புக்குச் சென்றோம். மருதானைக்கு அருகிலுள்ள பஞ்சிகாவத்தை, நாடெங்குமுள்ள பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும் இடமாகும். வீதியின் இருமருங்கும் கடைகள். கூரை வரை அடுக்கிய கியர்ப் பெட்டிகள், தோரணம்போல் தொங்கும் ரேடியேட்டர்கள், ஒயில் மணம். மேசைக்காரனின் கணக்கைவிட வியாபாரியின் நினைவே அங்கு பெரிது. நாம் கொண்டு சென்ற பழைய பற்சக்கரத்தைக் கையில் வாங்கிய நானா ஒருவர், பற்களை எண்ணாமலே, “இது இரண்டாம் கியர். தேஞ்சி போனது ஓட்டினவர் பிழையில்லை, தம்பி. வயசு” என்றார். பின்னர் சிறு பையன் ஒருவனை ஏவ, அவன் மூன்று கடைகளுக்கு அப்பாலிருந்து ஒன்றைக் கொணர்ந்தான்.

அங்கே மற்றொரு ஆலோசனையும் கிடைத்தது. பெற்றோல் எஞ்சினை நீக்கிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தலாமே என்றனர். இந்நாட்டில் பல பழைய ஜீப்புகள் அவ்வாறே ஓடுகின்றன. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வரிசையில் நின்று களைத்த எவருக்கும், குறைவாகக் குடிக்கும் எஞ்சின் இனிக்கவே செய்யும். அகன்ற பெரிய ரயர்கள், பின்னச்சைப் பூட்டும் பொறி, உயர்த்திய ஸ்பிரிங் ஆகியவற்றையும் எடுத்துக் காட்டினர். நாம் விலைகளைக் குறித்துக்கொண்டு, பற்சக்கரத்தையும் பிறேக் குழாய்களையும் சாக்கில் கட்டி, மலையேறும் புகையிரதத்தில் திரும்பினோம்.

நிற்கப் படிக்கட்டும்

பாஸ் அக்குறிப்பை வாசித்துச் சிரித்தார். “முதலில் நிற்கப் படிக்கட்டும், பிறகு ஓடப் படிக்கலாம்” என்றார். அன்று தொடக்கம் அவ்வாக்கியமே எம் வேலைக்கு விதியாயிற்று.

பழைய வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் ஒரே வழியாகச் சென்றது. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே கைவிடும். அதனை நீக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு வழி கொண்ட அமைப்பைப் பொருத்தினோம். ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தும். மூடுபனியில் விளக்குகள் மங்காதிருக்க, பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்ட்டனேட்டரை இட்டோம். முன் ஆசனங்களுக்குப் பட்டி சேர்த்தோம். இவை தார் வீதிக்காகச் செய்தவை.

எஞ்சினை மாற்றவில்லை. பாரங்கூடிய எஞ்சின் முன் ஸ்பிரிங்கை அமிழ்த்தும். வேகங்கூடிய எஞ்சின் அவ்வேகத்துக்கு அமையாத பிறேக்குகளைச் சோதிக்கும். பழையதையே கழற்றித் துப்புரவு செய்து, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தினோம். ரயரும் பழைய அளவான ஒடுங்கிய 6.00 × 16 தான். ஒடுங்கிய ரயர் மேற்சேற்றை வெட்டிக் கீழேயுள்ள கடினத் தரையைத் தொடுகின்றது. அகன்ற ரயரோ தார் வீதியில் ஸ்ரியரிங்கைப் பாரமாக்கி, இரைந்துகொண்டு செல்கின்றது. பின்னச்சைப் பூட்டும் பொறியும் வேண்டாம் என்றோம். சேற்றில் அது உதவும். ஈரத் தாரில் வளையும்போது வண்டியை நேரே தள்ளும்.

நண்பரின் பேத்தி பண்டாரவளையில் உயர்தர விஞ்ஞானம் கற்பவள். பாடசாலை விட்டதும் கராஜுக்கு வந்து, கொப்பியில் குறிப்பெழுதுவாள். ஒருநாள் அவள், “மாமா, நாலு சில்லும் இழுத்தால் நல்லதுதானே? ஏன் எந்நேரமும் இழுக்க விடக்கூடாது?” என்று பாஸைக் கேட்டாள்.

பாஸ் ஒரு குச்சியால் நிலத்தில் வளைவொன்றை வரைந்தார். வண்டி திரும்பும்போது முன் சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின் சில்லுகள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஆதலால் முன்னவை கூடுதலாகச் சுழல வேண்டும். இவ்வண்டியிலோ முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டினால் இரண்டும் சமமாகவே சுழலும். சேற்றிலும் கல்லிலும் சில்லு சற்றே வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் தண்டிலும் பற்சக்கரத்திலும் ஏறி அவற்றை முறிக்கும். “அதனால்தான் இரண்டு பிடி வைத்திருக்கிறான், மகள்” என்று காட்டினார். மஞ்சட் குமிழை அழுத்தினால் நான்கு சில்லும் இழுக்கும். சிவப்புக் குமிழை இழுத்தாலோ, நான்கும் இழுப்பதோடு, வேகம் பாதிக்கும் கீழாய்க் குறைந்து இழுவை அந்த அளவுக்குக் கூடும். தார் வீதியில் இரண்டையும் தொடலாகாது. ஒரு வண்டியை இரு வழிக்கும் உரியதாக்கும் வித்தை அவ்விரு குமிழ்களிலேயே இருந்தது; புதிதாக நாம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தார் வீதியில்

2024 ஆம் ஆண்டு நவம்பரில் வேலை முடிந்தது. பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு வந்து, அங்கிருந்து பெரகலைச் சந்திக்கு இறங்கினோம். இது சுமார் பத்துக் கிலோமீட்டர் நீளமான இறக்கம். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. பழைய சாரதிமார் கைக்கொண்ட விதியொன்றுண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. பிறேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எஞ்சினோ களைப்பின்றித் தடுக்கும். நண்பர் இரண்டாம் கியருக்கு மாற்ற இருமுறை கிளச்சை மிதித்தார்; இவ்வண்டியின் முதலிரு கியர்களும் அவ்வாறு மிதித்தாலொழிய இடங்கொடா. தந்தையாரிடம் கற்ற கால் மறக்கவில்லை.

பெரகலையிலிருந்து வெல்லவாயை வீதியில் கொஸ்லாந்தைப் பக்கம் சென்றோம். அங்கேதான் மீரியபெத்தை இருக்கின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயன்களை மக்களோடு மூடிய இடம் அது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றோம். எவரும் பேசவில்லை. எத்தகைய வண்டியும் பெயரும் மலையின் முன் ஒரு பொருட்டன்று. ஏறத் தெரிந்த வண்டியை வைத்திருப்பவர், ஏறக்கூடாத நாளையும் அறிந்திருக்க வேண்டும்.

கல்வழியில்

மறுநாள் மேல் டிவிசனுக்குப் புறப்பட்டோம். இரவு முழுதும் மழை. வழி தொடங்குமிடத்தில் வண்டியை நிறுத்தி, முதலில் நடந்து பார்த்தோம். கல்வழியில் செல்வோர்க்கு இது தலையாய பாடம்: கால் போகாத இடத்துக்குச் சில்லைக் கொண்டு போகாதே. பேத்தி குடையுடன் முன்னே நடந்து, எந்தக் கல்லின் மேல் சில்லை ஏற்றுவது என்று கையால் சைகை செய்தாள்.

சிவப்புக் குமிழை இழுத்து, இரண்டாம் கியரில் வண்டி ஏறலாயிற்று. வேகம் மனிதன் நடக்கும் வேகமே. எஞ்சின் உறுமவில்லை, ஒரே சீராய்த் துடித்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நீரோடை வழியைக் குறுக்கே அறுத்திருந்தது. முன் சில்லு ஒன்று தொங்கிச் சுழன்றது. நண்பர் சற்றே பின்னெடுத்து, வேறொரு கோணத்தில் திருப்பவும் நான்கும் தரையைப் பற்றின. கொழுந்து கொய்துகொண்டிருந்த பெண்கள் கூடையுடன் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுள் முதியவள் ஒருத்தி, “அது டிரைவரய்யா வண்டியில்ல!” என்று கூவினாள். வண்டியின் ஒலியை வைத்தே அவள் அடையாளங் கண்டதாகப் பின்னர் சொன்னாள்.

லயத்து வாசலில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே கால் வீங்கிய பாட்டி ஒருவர், நான்கு நாட்களாக இறங்க வழியின்றி இருந்தார். அவரையும் மகளையும் முன் ஆசனத்தில் இருத்தி, பட்டி கட்டி, வந்த வழியே மெல்ல இறக்கினோம். கல்வழி முடிந்ததும் நண்பர் வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழை விடுவித்தார். பின்னர் அதே வண்டி தார் வீதியில் மற்ற வண்டிகளோடு வண்டியாய் ஓடி, அரை மணி நேரத்தில் வைத்தியசாலை வாசலில் நின்றது. பாட்டி இறங்கும்போது ஆசனத்தைத் தடவிப் பார்த்து, “எங்க அண்ணன் பொட்டிய இதுலதான் ஏத்துனாங்க. அவன் போயிட்டான். நா இதுல ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்” என்றார்.

வேண்டுவதும் வேண்டாததும்

பழைய வண்டியை மீட்க விரும்பும் இளைஞர்களுக்கு இவ்வனுபவத்திலிருந்து ஒரு வரிசையைக் கூறலாம். முதலில் சட்டம், அடுத்தது பிறேக், பின்னர் ஸ்ரியரிங்கும் விளக்கும், அதன்பின்பே எஞ்சின், பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குவோரின் பணம் பாதிவழியில் தீர்ந்துவிடும். மலைக்கென்று மிகையாகச் செய்த வண்டி வீதியில் ஆபத்தாகும். வீதிக்கென்று மிகையாகச் செய்தது மலையில் வீணாகும். இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு, வாங்க வேண்டியவற்றைவிட வாங்காது விட வேண்டியவையே அதிகம்.

செலவு, கொழும்பு வியாபாரி சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேல். அதில் ஒரு பகுதியை மேல் டிவிசன் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகையாய்ச் சேர்த்துத் தந்தன. நண்பர் வேண்டாமென்றும் அவர்கள் கேட்கவில்லை. பெற்றோலுக்கு ஒரு கொப்பி வைத்திருக்கின்றார்கள். அதனை எழுதுபவள் பேத்தி. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றதும் அவளும் ஓட்டுவதென்று முடிவாகியிருக்கின்றது.

வியாபாரி மறுபடியும் வந்து, இப்போது முன்னிலும் கூடிய விலை கூறினாராம். மேனியில் ஏன் இன்னமும் பூச்சில்லை என்றும் கேட்டாராம். மழைக்காலம் முடியட்டும், இப்போது அதற்கு வேலையிருக்கின்றது என்று நண்பர் அவரை வழியனுப்பி வைத்தார்.